நீல நகல் வந்ததா?

"கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க சார், மத்ததை நாங்க நிரப்பிக்கிறோம்." சின்னத் தொழிற்சாலைகளில் மாசு கட்டுப்பாட்டு வாரியக் காகிதங்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு இந்தப் பேச்சு பழகிப்போன ஒன்று. வேஸ்ட் ஆயில் எடுக்க வரும் டிரைவர் சொல்வார், காலி பேரல் வாங்க வருபவர் சொல்வார், சில இடங்களில் நம் முதலாளியே சொல்வார். சொல்கிறவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. வண்டி நிற்கிறது, வெயில் ஏறுகிறது, ஃபோர்க்லிஃப்ட்காரருக்கு வேறு வேலை இருக்கிறது. ஆனாலும் இந்தப் பேச்சு என் மனதில் கொஞ்ச காலமாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. பேரலை அனுப்புவதும் பேரல் எங்கே போகிறது என்று தெரிந்து அனுப்புவதும் ஒரே வேலை என்றுதான் சட்டம் நினைக்கிறது. நடைமுறையில் இரண்டையும் நாம் பிரித்து வைத்திருக்கிறோம். முதலாவதை லோடிங் ஆட்கள் செய்கிறார்கள். இரண்டாவதை யாரும் செய்வதில்லை.

நான் ஒரு இயந்திரப் பட்டறையில் கணக்கு, ஜிஎஸ்டி, பி.எஃப். இவற்றோடு சேர்த்து வாரிய வேலையையும் பார்க்கிறேன். கன்சென்ட் (ஆலை நடத்த வாரியம் தரும் இசைவு) புதுப்பிப்பு, ஆத்தரைசேஷன் (அபாயகரமான கழிவைக் கையாள வாரியம் தரும் அனுமதி), ஜூன் 30-க்குள் போட வேண்டிய ஆண்டறிக்கை எல்லாம் என் மேஜையில்தான். எங்களைப் போன்ற இடத்தில் அபாயகரமான கழிவு என்றால் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. பழைய ஹைட்ராலிக் ஆயில், கட்டிங் ஆயில், எண்ணெய் ஊறிய காட்டன் வேஸ்ட், ரசாயனம் வந்த காலி பேரல், கழிவுநீர்த் தொட்டியின் அடிச்சேறு, இவ்வளவுதான். அபாயகரமான கழிவுகளுக்கான 2016-ஆம் ஆண்டு விதிகளின் முதல் அட்டவணையில் இவை எல்லாவற்றுக்கும் எண் உண்டு. பயன்படுத்திய எண்ணெய்க்கு 5.1, ரசாயனம் பட்ட காலி பேரலுக்கு 33.1, எண்ணெய்த் துணிக்கு 33.2, அடிச்சேறுக்கு 35.3. கேட்டுக்கு வெளியே வைத்திருக்கும் தகவல் பலகையிலும் இந்த எண்கள்தான் இருக்கின்றன. தெருவில் போகிறவர் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். உச்ச நீதிமன்றம் 2003-இல் பிறப்பித்த உத்தரவுக்குப் பிறகு வந்த ஏற்பாடு அது.

வண்டி கிளம்பும்போது நாம் நிரப்புவது படிவம் 10, அதாவது கழிவோடு கூடவே போகும் மேனிஃபெஸ்ட் என்ற ஆவணம். ஏழு நகல், ஏழு நிறம். வெள்ளையை நாம் வாரியத்துக்கு அனுப்புகிறோம். வண்டிக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு மஞ்சளை நம்மிடம் வைத்துக்கொள்கிறோம். மீதி ஐந்தும் வண்டியில் போகும். இளஞ்சிவப்பு, கழிவைப் பெறுபவருக்கு; ஆரஞ்சு வண்டிக்காரருக்கு. பச்சையைப் பெறுபவர் வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பியவர் வேறு மாநிலத்தில் இருந்தால் அந்த மாநில வாரியத்துக்குச் சாம்பல் நிற நகல். நீல நகலைப் பெறுபவர் நமக்கே திருப்பி அனுப்ப வேண்டும்.

பல பட்டறைகளின் கோப்புகளைப் பார்த்திருக்கிறேன், நண்பர்கள் உதவி கேட்டு எடுத்து நீட்டுவார்கள். மஞ்சள் தாள்கள் தேதிவாரியாக அழகாக இருக்கும். நீலத்தைக் கேட்டால் முகத்தைப் பார்ப்பார்கள். "அதை யாரு சார் கேட்கப்போறா?" என்பார்கள். ஆய்வுக்கு வருபவர் கேட்பாரா மாட்டாரா என்பதை வைத்தே நாம் ஒரு காகிதத்தின் மதிப்பை முடிவு செய்கிறோம் என்று எனக்குத் தோன்றும். வெள்ளை, மஞ்சள் இரண்டும் நம் பக்கத்தில் நாமே எழுதுவது, அதாவது நாம் சொன்னதற்கு நாமே சாட்சி. நீலம் அப்படியல்ல. நாம் அனுப்பியதை நமக்குச் சம்பந்தமில்லாத இன்னொருவர், இன்னொரு இடத்தில், இன்னொரு எடை மேடையில் நிறுத்திப் பார்த்து "ஆமாம், வந்து சேர்ந்தது" என்று சொல்வது. ஏழு தாளில் நம் பொறுப்பைக் காப்பாற்றுவது அது ஒன்றுதான்.

வழியில் வந்த போன்

ஒரு நாள் ஆயில் எடுக்க வண்டி வந்தது. வழக்கமாக எடுப்பவர் வர முடியாததால் அவர் சொல்லி அனுப்பிய வேறொரு வண்டி. பேரல்கள் ஏறிவிட்டன. டிரைவர் வயதில் பெரியவர், மரியாதையான மனிதர். மேனிஃபெஸ்ட் கட்டை நீட்டினார். அளவு இருக்க வேண்டிய இடம் காலி. அது பழகியதுதான், நான் நிரப்பிக்கொள்வேன். பெறுபவர் பெயர், முகவரி, அவருடைய ஆத்தரைசேஷன் எண் இருக்க வேண்டிய இடமும் காலியாக இருந்தது.

"அண்ணே, எங்க கொண்டு போறீங்க?" என்றேன்.

"தெரியாது சார். கெளம்பினதும் வழில போன் வரும். எங்க எறக்கணும்னு சொல்லுவாங்க."

அவர் எதையும் மறைக்கவில்லை. பால்கோவா கேட்டால் கடை எங்கே என்று சொல்வதுபோல மிகச் சாதாரணமாகச் சொன்னார். அதுதான் என்னை நிறுத்தியது. படிவம் 10-இல் அனுப்புபவரின் உறுதிமொழி ஒன்று இருக்கிறது. உள்ளே இருப்பது முழுமையாகவும் சரியாகவும் விவரிக்கப்பட்டிருக்கிறது, வகைப்படுத்தி, அடைத்து, லேபிள் ஒட்டி, சாலையில் கொண்டுபோகத் தகுந்த நிலையில் இருக்கிறது என்று நாம் உறுதி சொல்கிறோம். என் கையெழுத்து அதற்குக் கீழேதான் விழுகிறது. போகும் இடம் காலியாக இருக்கும்போது அதில் கையெழுத்திட்டால், பிறகு யார் எந்தப் பெயரை எழுதினாலும் அது நான் எழுதியதாகத்தான் ஆகும். போக்குவரத்துக்கு யார் பொறுப்பு என்பதையும் அதே தாளில் காட்ட வேண்டும். வண்டியை ஏற்பாடு செய்தவர், அனுப்புபவரோ பெறுபவரோ, அவரிடம் போக்குவரத்துக்கான ஆத்தரைசேஷன் இருக்க வேண்டும் என்பது விதி. அன்று அந்தப் பொறுப்பை ஏற்கும் ஆள் அந்தத் தாளில் எங்கேயும் இல்லை.

பேரல்களை இறக்கச் சொன்னேன். டிரைவருக்கு வருத்தம், வாடகை போச்சே என்று. அது நியாயமான வருத்தம். வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் டீசல் செலவைக் கம்பெனி கணக்கில் கொடுத்தோம். முதலாளிதான் கோபப்பட்டார். "இத்தனை வருஷமா ஒழுங்கா போயிட்டுத்தானே இருக்கு? பணமும் குடுக்கறாங்க, இடமும் காலியாகுது. தொண்ணூறு நாள் தாண்டினா நீயா பதில் சொல்லுவ?" என்றார். அவர் சொன்னதில் பாதி சரி. கழிவை 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆண்டுக்கு 10 டன்னுக்குள் உண்டாக்குபவர்களுக்கு வாரியம் 180 நாள் வரை நீட்டித்துத் தரலாம், ஆனால் அதற்கு நாம்தான் எழுதிக் கேட்க வேண்டும். மறுநாளே மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் (டி.இ.இ.) அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன்.

முதலாளி சொன்னதில் எனக்கு ஒவ்வாத பாதி அந்த "ஒழுங்கா போயிட்டுத்தானே இருக்கு" என்பது. எங்கே போனது என்று தெரியாத ஒன்று ஒழுங்காகப் போனது என்று எப்படிச் சொல்ல முடியும்? எங்கள் கேட்டிலிருந்து ஒழுங்காகப் போனது, அது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். இதை அவரிடம் அன்றே சொன்னேன். சத்தம் போட்டார், ஆனால் பேரல்களை மறுபடி ஏற்றச் சொல்லவில்லை.

விலை உள்ள கழிவு, செலவு வைக்கும் கழிவு

கழிவு வழி தவறுவது எப்போதும் கொட்டும் இடத்தைத் தேடி அல்ல. இதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில வருடங்கள் ஆயின. அடிச்சேறை அனுப்ப நாம் பணம் கொடுக்க வேண்டும், கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற பொதுச் சுத்திகரிப்பு, நிலநிரப்பு வளாகத்துக்கு. அதனால் அதை வழியிலேயே எங்காவது தள்ளிவிட்டால் யாருக்கோ மிச்சம். பழைய ஆயில் இதற்கு நேர் எதிர், அதற்கு விலை உண்டு. முறையாக உரிமம் பெற்ற மறுசுழற்சியாளர் அதைச் சுத்திகரித்து அடிப்படை எண்ணெயாக மாற்றுகிறார். உரிமம் இல்லாதவருக்கோ அது வேறு வழிகளில் காசு. அப்படியே சூளையில் எரிக்கலாம், கட்டட வேலையில் ஷட்டரிங் பலகைக்குப் பூச விற்கலாம், வடிகட்டிப் புது ஆயிலோடு கலந்து டப்பாவில் அடைக்கலாம். சுத்திகரிப்புச் செலவு இல்லாததால் உரிமம் பெற்றவரைவிட அவரால் கூடுதல் விலை தர முடிகிறது. ஆக, அதிக விலை சொல்பவரிடம் கொடுக்கிறோம் என்று சந்தோஷப்படும்போதே கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. 2024 ஏப்ரல் 1 முதல் பயன்படுத்திய எண்ணெய்க்கு உற்பத்தியாளர் பொறுப்பு முறை வந்திருக்கிறது. எண்ணெய் தயாரிப்பவர்களும் இறக்குமதி செய்பவர்களும் மறுசுழற்சிச் சான்று காட்ட வேண்டும். உரிமம் பெற்றவர்கள் பக்கம் விலை நகர இது உதவும் என்று நம்புகிறேன்.

விலை உள்ள கழிவு எங்கே போய் நிற்கும் என்பதற்குக் கொடைக்கானலைத் தாண்டி நாம் உதாரணம் தேட வேண்டியதில்லை. 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி 7.4 டன் கிடந்தது தெரியவந்தது. வந்த இடம் அதே ஊரில் இருந்த தெர்மாமீட்டர் ஆலை. கண்ணாடிக்கு எடை உண்டு, விலை உண்டு, வாங்கவும் ஆள் உண்டு. பாதரசத்தைப் பற்றி அந்தக் கடைக்காரருக்கு யாரும் ஒரு தாள் கொடுத்திருக்கவில்லை. ஆலை மூடப்பட்டது. 2003-இல் 290 டன் கழிவு கப்பலில் அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. மண்ணில் இறங்கியதைச் சுத்தம் செய்யும் பேச்சு அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் நீண்டது. அந்தக் கடையின் எடைச்சீட்டை நினைத்துப் பார்ப்பேன். கண்ணாடி இத்தனை கிலோ என்று மட்டும்தான் அதில் இருந்திருக்கும்.

செலவு வைக்கும் கழிவுக்கு 2024 டிசம்பரில் திருநெல்வேலியில் நடந்தது உதாரணம். நடுக்கல்லூர், கோடகநல்லூர்ப் பக்கம் கேரளத்து மருத்துவக் கழிவுகள் கொட்டிக் கிடந்தன. அவை எங்கிருந்து வந்தன என்பதை ஊர்க்காரர்கள் கண்டுபிடித்தது எந்த மேனிஃபெஸ்டையும் வைத்து அல்ல. குப்பைக்குள் கிடந்த நோயாளிகளின் சீட்டுகளில் திருவனந்தபுரம் மருத்துவமனைகளின் பெயர் அச்சாகி இருந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டது, கேரள அரசு லாரிகளை அனுப்பி அள்ளிப்போனது. அனுப்பியவர்கள் ஒப்பந்ததாரரிடம் ஒப்படைத்திருப்பார்கள், கையெழுத்துப் போட்டிருப்பார்கள், பணமும் கொடுத்திருப்பார்கள். தங்கள் பக்கக் கோப்பு சரியாக இருக்கிறது என்றுகூட நினைத்திருக்கலாம். ஆனால் கழிவு போன வழியைக் காட்ட ஒரு தாளும் கூட வரவில்லை. காட்டிக்கொடுத்தது குப்பையில் தவறி விழுந்த சீட்டு.

இந்த இரண்டும் நம்மூர்க் கதைகள். இந்த நகல் முறை வலுவானதற்கு வெளிநாட்டில் ஒரு காரணமும் உண்டு. இத்தாலியின் செவெசோவில் 1976-இல் ஒரு ரசாயன ஆலை விபத்தில் டயாக்ஸின் என்ற கொடிய நச்சு பரவியது. அங்கே அள்ளிய கழிவை 41 பேரல்களில் அடைத்து 1982 செப்டம்பரில் லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். எல்லை தாண்டியதும் பேரல்கள் காணாமல் போயின. எட்டு மாதம் ஐரோப்பா முழுக்கத் தேடினார்கள். 1983 மே மாதம் வடக்குப் பிரான்சின் ஒரு கிராமத்தில், பயன்பாட்டில் இல்லாத இறைச்சிக்கூடம் ஒன்றில் அவை கிடைத்தன. அடுத்த ஆண்டே ஐரோப்பியச் சமூகம் எல்லை கடக்கும் கழிவுக்கு உடன்செல் ஆவணம் கட்டாயம் என்று சட்டம் போட்டது. 1989-இல், அபாயகரமான கழிவு நாட்டு எல்லை கடப்பதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கை வந்தது, இந்தியா 1992-இல் அதை ஏற்றது. கழிவைப் பெற்றவர், பெற்றதையும் அதை அழித்து முடித்ததையும் அனுப்பியவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதில் தனி வாசகமே உண்டு. நம் நீல நகலும் அதே எண்ணத்தில் பிறந்ததுதான். டயாக்ஸின் அடைத்த 41 பேரல்களை ஒரு கண்டமே தொலைக்க முடியும் என்றால், வழில போன் வரும் வண்டியில் போகும் எங்கள் பேரல்களுக்கு என்ன உத்தரவாதம்?

கிலோ கணக்கில் ஒரு தகராறு

இறக்கிய பேரல்களைப் பிறகு ஆத்தரைசேஷன் எண் சரிபார்த்த ஒரு மறுசுழற்சியாளருக்கு அனுப்பினோம். அவருடைய உரிமம் எந்தத் தேதி வரை, ஆண்டுக்கு எவ்வளவு எடுத்துக்கொள்ள அனுமதி, 5.1 வகை அதில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பேச்சே. உரிம நகலை மட்டும் கோப்பில் வைத்துக்கொண்டு தேதியைப் பார்க்காமல் விடுவது நம்மிடையே பரவலாக இருக்கிறது. காலாவதியான உரிமம் கோப்பில் இருந்தும் பயனில்லை. வண்டி எடை மேடை ஏறி இறங்கியது, எடைச்சீட்டு எண்ணை மேனிஃபெஸ்டிலேயே எழுதினேன்.

சில நாளில் நீலம் வந்தது. எடை குறைவாக இருந்தது, கொஞ்சநஞ்சம் அல்ல. இதைப் பார்த்ததும் முதலாளி, "பாத்தியா, பேப்பரெல்லாம் சரியா வெச்சிருக்கற உன் கம்பெனியும் ஏமாத்துது" என்றார். போன் செய்தேன். எதிர்முனையில் பேசிய பெண் பொறுமையாகச் சொன்னார்: "சார், நீங்க பேரலோட சேத்து எடை போட்டிருக்கீங்க. நாங்க ஆயிலை எறக்கிட்டு காலி பேரலைக் கழிச்சிட்டு நிகர எடை போடுவோம். ஒரு இரும்பு பேரல் பதினஞ்சு, இருபது கிலோ வருமே." பேரல் எண்ணிக்கையால் பெருக்கிப் பார்த்தேன், வித்தியாசம் கிட்டத்தட்ட அதற்குள் அடங்கியது. மீதி கொஞ்சம், பேரலின் அடியில் ஒட்டி நின்றது.

இதை நான் இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்த வித்தியாசம் வந்ததால்தான் இரண்டு பக்கமும் பேசிக்கொண்டோம். அதற்கு முன்பு எங்கள் ஆண்டறிக்கையில் போட்டுவந்த எண்ணும் அவர்களைப் போன்றவர்கள் தங்கள் ஆண்டறிக்கையில் போடும் எண்ணும் வாரியத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, பொருந்தாமல் இருந்திருக்கும். ஒருநாள் யாரோ கூட்டிப் பார்த்தால் இடைவெளிக்குப் பதில் சொல்ல யாரும் இருந்திருக்க மாட்டார்கள். இப்போது மொத்த எடை, காலி எடை, நிகர எடை மூன்றையும் எழுதி அனுப்புகிறோம், அவர்களும் அப்படியே திருப்பி எழுதுகிறார்கள். வித்தியாசம் வந்தால் அன்றே தெரிந்துவிடுகிறது.

சுமை எது, சுமை இல்லாதது எது

காகித வேலை அதிகம் என்று சிறுதொழில் நடத்துபவர்கள் புலம்புவதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். ஒரே முகவரியையும் ஒரே கழிவு எண்ணையும் கன்சென்ட் விண்ணப்பத்தில், ஆத்தரைசேஷனில், பதிவேட்டில், ஆண்டறிக்கையில், பலகையில் என்று திரும்பத் திரும்ப எழுதுகிறோம். இவற்றை ஒன்றாக்கலாம். வருடத்துக்குச் சில பேரல் அனுப்பும் பட்டறைக்கும் மாதம் நூறு டன் அனுப்பும் ஆலைக்கும் ஒரே அளவு எழுத்து வேலை வேண்டியதில்லை. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு எந்த வண்டியில், எங்கிருந்து எங்கே போகிறது என்று இ-வே பில்லில் அரசுக்கு உடனே தெரிகிறது. அதே எளிமை எல்லா ஊர்ப் பட்டறைகளுக்கும் கழிவிலும் வர வேண்டும். காகிதமோ திரையோ, எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

குறைக்கக் கூடாதது பெறுபவரின் பதில். அது வரவில்லை என்றால் அடுத்த லோடு போகக் கூடாது என்று வைத்தாலும் தவறில்லை என்பேன். இப்போது தண்டனை முறையும் மாறியிருக்கிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவில் முன்பு ஐந்து ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்றிருந்தது. 2024 ஏப்ரல் 1 முதல் அது ₹10,000 முதல் ₹15 லட்சம் வரையிலான பணத் தண்டம். சிறை போய்விட்டதே என்று சிலர் நிம்மதி அடைவதைப் பார்க்கிறேன். சிறைக்கு ஒரு வழக்கு நீதிமன்றம் ஏறி முடிய வேண்டும். பணத் தண்டத்தை, அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரியே விசாரித்து விதிக்கலாம், அதனால் உண்மையில் அது நம் வாசலுக்கு வரும் வாய்ப்பு இப்போதுதான் கூடியிருக்கிறது. இது தவிர, முறையில்லாமல் கையாண்டதால் சூழலுக்கோ மற்றவருக்கோ வரும் இழப்புக்குக் கழிவை உண்டாக்கியவர் பொறுப்பு என்று 2016 விதிகளில் 23-ஆவது விதி சொல்கிறது. வண்டி கேட்டைத் தாண்டியதும் அந்தப் பொறுப்பு தீர்ந்துவிடுவதில்லை.

தீராத ஒன்று இன்னும் பாக்கி இருக்கிறது, எண்ணெய்த் துணி. ஆயிலுக்கு வாங்க ஆள் உண்டு, சேறுக்குப் பணம் கொடுத்தால் வண்டி வருகிறது. மாதத்துக்கு ஒரு மூட்டை 33.2-ஐ எடுக்க யாரும் தனியாக வண்டி அனுப்ப மாட்டார்கள், அனுப்பினால் ஒரு மூட்டைக்காக முழு வண்டி வாடகை கொடுக்க வேண்டியிருக்கும். அதனால்தான் பல பட்டறைகளில் அது ஊராட்சிக் குப்பை வண்டியில் ஏறுகிறது, அல்லது பின்பக்கம் எரிகிறது. எல்லோருக்கும் தெரியும், யாரும் எழுதுவதில்லை. எங்கள் தொழிற்பேட்டையில் இதே நிலையில் இருக்கும் பட்டறைகள் சேர்ந்து மூன்று மாதத்துக்கு ஒரு வண்டி வரவழைக்கலாம், ஒவ்வொருவரும் தனித்தனி மேனிஃபெஸ்ட் போடலாம், வாடகையை எடைப்படி பிரித்துக்கொள்ளலாம் என்று சங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அப்படி வரும் வண்டிக்கு ஆத்தரைசேஷன் வேண்டும். ஒரே வண்டியில் பலருடைய கழிவு ஏறுவதற்கு வாரியம் என்ன நிபந்தனை வைக்கும் என்பதையும் முன்கூட்டியே எழுத்தில் வாங்க வேண்டும். தலைவர் அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் பேட்டையில் இப்படி ஒரு ஏற்பாடு ஏற்கெனவே நடக்கிறதென்றால், வாடகையை எப்படிப் பிரிக்கிறீர்கள் என்றும் நீல நகல் ஒவ்வொருவருக்கும் தனியாக வருகிறதா என்றும் எழுதுங்கள். கூட்டத்துக்கு முன்பு எனக்கு அது வேண்டும்.